விண்வெளி நிலையத்தில் எப்படி வாழ்கிறார்கள்? எங்கள் மலையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வானம் தெளிந்த மாலைகளில் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்து, சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடந்துபோவதைக் காட்டுவது வழக்கம். இப்போது பெற்றோரும் வருகிறார்கள், கம்பளி போர்த்திய அப்பாயிமாரும் வருகிறார்கள். நிலையம் நாலைந்து நிமிடத்தில் போய்விடும். கேள்விகள் ஒரு மணித்தியாலம் நீளும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிவைக்கிறேன்.

சேர், அது பிளேன் தானே?

இல்லை. விமானமென்றால் சிவப்பும் பச்சையுமாக விளக்கு விட்டுவிட்டு மின்னும். இது மின்னாது, ஒரே சீராக நகரும். நாம் பார்ப்பது அதன் விளக்கையும் அல்ல. அதன் பெரிய சூரியத் தகடுகளில் பட்டுத் திரும்பும் வெயிலை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 மீற்றர் அகலம், ஏறக்குறைய 420 தொன் நிறை. அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1998-ல் கட்டத் தொடங்கின. துண்டு துண்டாக மேலே அனுப்பி, அங்கேயே பூட்டினார்கள். 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட அது ஆளில்லாமல் கிடந்ததில்லை. என் வகுப்புப் பிள்ளைகளில் யார் பிறந்த நாளை எடுத்தாலும், அன்றைக்கு அங்கே யாரோ இருந்தார்கள்.

எவ்வளவு உயரத்தில, எவ்வளவு வேகத்தில போகுது?

உயரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் தீவின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இலங்கையை எழுப்பி நிறுத்தினால் அதன் தலை நிலையத்தைத் தொடும். வேகம் செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல். கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். நமக்கு ஒரு பகல் பயணம். அந்தத் தூரத்தை நிலையம் 40 செக்கனுக்குள் கடந்துவிடும். ஒன்றரை மணித்தியாலத்தில் உலகத்தை ஒருமுறை சுற்றிவிடுவதால், உள்ளே இருப்பவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் பதினாறு தடவை விடியும், பதினாறு தடவை பொழுதுசாயும்.

அங்க புவியீர்ப்பு இல்லாததாலதானே மிதக்கிறாங்க?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் மற்றக் கேள்விகளுக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு நம் தரையில் இருப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் நிலையம் நேர்கோட்டில் ஓடி எங்கேயோ போய்விடும்.

சிவனொளிபாத மலை உச்சியில் நின்று ஒரு கல்லை எறிகிறீர்கள் என்று வையுங்கள். கல் வளைந்து அடிவாரத்துக் காட்டில் விழும். இன்னும் பலமாக எறிந்தால் இரத்தினபுரியில் விழும். அதைவிடப் பலமாக எறிந்தால் கடலில். காற்றுத் தடையை மட்டும் மறந்துவிட்டு, செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் என்ன நடக்கும்? கல் விழ விழ, உருண்டையான பூமியும் அதற்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகும். கல் விழுந்துகொண்டே இருக்கும், ஆனால் தரையைத் தொடாது. சுற்றிவந்து உங்கள் முதுகுப் பக்கம் வரும். முந்நூறு வருடங்களுக்கு முன் நியூட்டன் ஒரு உயர்ந்த மலையைக் கற்பனை செய்து விளக்கியது இதைத்தான். மலைநாட்டுப் பிள்ளைக்குக் கற்பனைக்கென்று தனியாக ஒரு மலை வேண்டியதில்லை.

நிலையமும் அப்படி விழுந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் ஆளும் அவருடைய பேனையும் அதே வேகத்தில் விழுகின்றன. எல்லாம் சேர்ந்தே விழுவதால் எதுவும் எதன் மேலும் பாரமாக அமராது. அதுதான் மிதப்பு.

எத்தனை பேர் இருக்கிறாங்க? இடம் போதுமா?

வழக்கமாக ஏழு பேர், பெரும்பாலும் ஆறு மாதம் வரை. ஆள் மாறும் நாட்களில் கூடுதலாக இருப்பார்கள். கருவிகள் அடைத்த இடம் போக, நடமாட எஞ்சுவது 388 கன மீற்றர். கணக்குப் பாடத்தில் இதைச் செய்து பார்த்தோம்: பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவுக்கு (தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறை) எட்டடி உயரம் வைத்தால் 27 கன மீற்றர். அப்படிப் பதினான்கு காம்பரா. ஏழு பேருக்கு இது தாராளம் என்றார் ஒரு தகப்பனார். அவர் வீட்டில் ஒரு காம்பராவில் ஆறு பேர். ஆனால் அங்கே சுவர், கூரை, தரை என்ற பேதமில்லாமல் ஆறு பக்கமும் பாவிக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்கு உள்ள ஒன்று அவர்களுக்கு இல்லை: கதவைத் திறந்து இஸ்தோப்பில் வந்து நிற்க முடியாது.

எப்படித் தூங்குவாங்க?

தொலைபேசிக் கூண்டு அளவில் ஆளுக்கொரு சிறிய அறை. அதன் சுவரில் கட்டிய உறைக்குள் புகுந்து தூங்குவார்கள். கட்டாவிட்டால் மிதந்துபோய் எங்காவது மோதுவார்கள். கைகள் தாமாக எழும்பி முன்னால் மிதந்தபடி நிற்கும். அறைக்குள் காற்றாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடான காற்று மேலெழும் மேற்காவுகை அங்கே நடக்காது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கி, காபனீரொட்சைட்டுச் சேர்ந்து தலையிடிக்கும்.

அவங்களுக்கும் பெரட்டு இருக்கா?

ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா கேட்டது. பெரட்டு என்றால், தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக்கொடுப்பது. இருக்கிறது, உண்மையாகவே. காலையில் ஏழு பேரும் தரையிலுள்ள கட்டுப்பாட்டு மையங்களோடு வரிசையாகப் பேசி, அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். மாலையில் மறுபடி பேசி, எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்வார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன், ஹண்ட்ஸ்வில், ஜெர்மனியில் மியூனிக் பக்கம், ஜப்பானில் சுகுபா, ரஷ்யாவில் மொஸ்கோ என்று மையங்கள். நேர அட்டவணை ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கணினித் திரையில் ஒரு கோடு நகர்ந்து இப்போது எந்த வேலையில் இருக்க வேண்டும் என்று காட்டும்.

கடிகாரம் கிரீன்விச் நேரம். அவர்கள் காலை 6 மணிக்கு எழும்பும்போது நமக்குப் பகல் பதினொன்றரை.

அப்படி என்ன வேலை?

பெரிய பங்கு ஆராய்ச்சி. தீச்சுவாலை அங்கே உருண்டையாக எரியும், திரவங்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும், செடியின் வேருக்குக் கீழ்ப்பக்கம் எதுவென்று தெரியாது. தரையில் ஈர்ப்பு மறைத்துவைத்திருக்கும் பல விடயங்களை அங்கே பார்க்க முடிகிறது. தங்கள் இரத்தத்தையும் சிறுநீரையும் தாங்களே மாதிரி எடுத்துக் குளிரூட்டியில் வைப்பார்கள். அவர்களுடைய உடம்பும் ஓர் ஆராய்ச்சிதான்.

மீதி நேரம் வீடு பராமரிப்பு. பம்பி மாற்றுவது, வடிகட்டி துடைப்பது, வந்த சாமானை அடுக்குவது. காற்று எல்லாவற்றையும் உறிஞ்சும் வாய்க்கே இழுத்துப் போவதால், தொலைந்த பொருளைத் தேட முதலில் போகுமிடம் காற்று வடிகட்டி. சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து துப்புரவு.

வெளியில போய் வேலை செய்றாங்களே, பயமில்லையா?

விண்நடை ஆறு ஏழு மணித்தியாலம் நீடிக்கும். உடுப்புக்குள் அமுக்கம் நம் வளியமுக்கத்தில் மூன்றிலொரு பங்குதான். அதனால் போகுமுன் நெடுநேரம் வெறும் ஒட்சிசனைச் சுவாசித்து இரத்தத்திலுள்ள நைதரசனை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது உடம்புக்குள் குமிழாகிவிடும். காற்று நிரம்பிய கையுறைக்குள் ஒவ்வொரு பிடியும் ரப்பர் பந்தை நசுக்குவது போல, நகம்கூடக் கழன்றுபோகும்.

2013 ஜூலையில் இத்தாலிக்காரர் லூக்கா பார்மிட்டானோவின் தலைக்கவசத்துக்குள் குளிரூட்டும் தொகுதியின் தண்ணீர் கசிந்தது. பாரமில்லாத அந்த நிலையில் தண்ணீர் கீழே வடியாது. மேற்பரப்பு இழுவிசையால் முகத்தில் ஒட்டி, கண்ணையும் மூக்கையும் மூடத் தொடங்கியது. பார்வை மங்கிய நிலையில், தன்னைக் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றின் இழுவையை வழிகாட்டியாக வைத்து அவர் கதவுக்குத் திரும்பினார். இதைச் சொல்லும்போதெல்லாம் மைதானம் அமைதியாகிவிடும். விண்வெளியில் ஒருவர் தண்ணீரில் மூழ்கி இறக்கப் பார்த்தார்.

தண்ணிக்கு என்ன செய்றாங்க? பீலி இல்லையே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பீலியடியில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களால்தான் இதை இவ்வளவு சரியாகக் கேட்க முடியும்.

ஒவ்வொரு லீற்றரையும் ரொக்கெட்டில் ஏற்றி அனுப்புவது பெரும் செலவு. ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீரையே திரும்பத் திரும்பச் சுத்தமாக்குகிறார்கள். மார்கழி விடியலில் லயத்துத் தகரக் கூரையின் உட்பக்கம் ஈரம் கோத்துச் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது மழையல்ல, இரவெல்லாம் நாம் விட்ட மூச்சு, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீரானது. நிலையத்திலும் காற்றைக் குளிர்ந்த தகடுகளின் ஊடாக ஓட்டி, மூச்சிலும் வியர்வையிலும் போன ஈரத்தைப் பிடித்துவிடுகிறார்கள். சிறுநீரைச் சேர்த்து, அமுக்கத்தைக் குறைத்து வடிக்கிறார்கள். எஞ்சும் உப்புக் கரைசலிலிருந்தும் கடைசி ஈரத்தைப் பிழிந்தெடுக்க இப்போது தனிக் கருவி உண்டு. எல்லாம் வடிகட்டிகள், சூடான வினையூக்கிக் கலம் வழியாகப் போய், கிருமி வளராமலிருக்க அயடீன் சேர்ந்து, குடிதண்ணீராகிறது. 2023-ல் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரை மீட்டெடுக்கும் நிலையை எட்டினார்கள்.

சிறுநீர் என்றதும் முகம் சுளித்த ஒரு அப்பாயியிடம், அந்தத் தண்ணீர் நம் பெரும்பாலான குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தமானது என்று சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "மேல லயத்து வாய்க்கால்தானே நம்ம கெணத்துக்கு வருது" என்றார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூச்சு விடக் காற்று?

தண்ணீரிலிருந்தே. மின்பகுப்பால் தண்ணீரை ஒட்சிசனாகவும் ஐதரசனாகவும் பிரிப்பது பள்ளியில் சாதாரண தரப் பரீட்சைக்கான பாடம். அதையேதான் அங்கே பெரிய அளவில் செய்கிறார்கள். வெளிவிடும் காபனீரொட்சைட்டை சியோலைட்டு என்ற கனிமம் பிடித்துவைக்கும்.

கக்கூஸ் எப்படி?

வெட்கப்படாமல் கேளுங்கள். பொதுக் கக்கூசுக்கு இருட்டில் போய்வந்த நம் பெண்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை.

ஈர்ப்பு செய்யும் வேலையைக் காற்று செய்கிறது. சிறுநீருக்கு ஒரு குழாய், அதன் நுனியில் ஆளுக்கொரு புனல்; காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மலத்துக்குச் சிறிய வாயுள்ள இருக்கை. மிதக்காமலிருக்கக் காலை மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கேயும் காற்று இழுக்க, பையில் சேரும். பையைக் கட்டிக் கலனில் அடைத்து, மற்றக் குப்பையோடு வெறுமையான சரக்கு ஓடத்தில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஓடம் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோகும். கழிப்பறை பழுதானால் திருத்துவதும் விஞ்ஞானி, விமானி, வைத்தியர் என்ற வேறுபாடில்லாமல் அவர்களே.

குளிப்பு, உடுப்புத் துவைப்பு?

இரண்டும் இல்லை. ஈரத் துவாயால் துடைத்து, அலசத் தேவையில்லாத ஷாம்பூவைத் தலையில் தேய்த்துத் துடைத்துவிடுவார்கள். உடுப்பைப் பல நாள் உடுத்துவிட்டுக் குப்பையில் போடுவார்கள்.

சோறு, கறி, சம்பல்?

அடுப்பு கிடையாது. பெரும்பாலும் உலரவைத்த உணவுக்குச் சுடுதண்ணீர் சேர்ப்பது, அல்லது பொதியைச் சூடாக்குவது. பாண் கொண்டுபோவதில்லை, தூள் மிதந்து கண்ணிலும் கருவியிலும் புகும். நிலையம் கட்டுவதற்கு வெகு முன்பே, 1965-ல் அமெரிக்க விண்வெளி வீரர் ஜோன் யங் ஒரு சான்ட்விச்சைச் சட்டைப் பையில் ஒளித்து மேலே கொண்டுபோய், தூள் பறந்ததும் திரும்ப மடித்து வைத்துவிட்டார். இப்போது அவர்கள் பாவிப்பது நம் ரொட்டிக்கு உறவுக்காரனான மெக்சிக்கோத் தட்டை ரொட்டி. உப்பும் மிளகும்கூடத் திரவமாகத்தான்.

இரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறுவதால் தடிமன் பிடித்த மாதிரி மூக்கடைக்கும், ருசி மங்கும். அதனால் உறைப்பு தேடுகிறார்கள். 2021-ல் நிலையத்திலேயே கொச்சிக்காய்ச் செடி வளர்த்துக் காய் பறித்துச் சாப்பிட்டார்கள். 2025-ல் அங்கே சென்ற முதல் இந்தியர் சுபான்ஷு சுக்லா கரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டுபோனார். பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்கவிட்டுப் பார்த்தார்.

தேத்தண்ணி கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நம் கைக்குப் பழகிய தேத்தண்ணி இல்லை. பையில் தூள் இருக்கும். ஊசி போன்ற குழாயால் சுடுதண்ணீர் செலுத்தி, மூடி போட்ட உறிஞ்சியால் குடிக்க வேண்டும். கோப்பையிலிருந்து ஆவி எழும்பி மூக்கைத் தொடுவதும் இல்லை, மூக்கும் அடைத்திருக்கும். தேயிலையின் பாதி ருசி மணத்தில் இருக்கிறது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டொன் பெட்டிட் என்ற விண்வெளி வீரர் 2008-ல் பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் கூராக மடித்துக் கோப்பை செய்தார். திரவம் அந்த மடிப்பு வழியாகத் தானே ஏறி உதட்டுக்கு வந்தது. அந்தக் கோப்பையில் மணத்தையும் நுகரலாம்.

உடம்புக்கு என்னாகும்?

சுமை இல்லாத எலும்பு கரையும். உடற்பயிற்சி செய்யாவிட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். கூடையோடு மலையேறும் கால்கள் நாள் முழுவதும் பெறும் சுமையை, அவர்கள் ஓடுபட்டியில் வாரால் தங்களைக் கீழே இழுத்துக்கட்டி, தினமும் இரண்டு மணித்தியாலம் உழைத்துத் தேடிக்கொள்ள வேண்டும். முகம் வீங்கும், கால் மெலியும், முதுகெலும்பு விரிந்து சில சென்ரிமீற்றர் உயரம் கூடும். சிலருக்குப் பார்வை மாறும். நடக்காததால் உள்ளங்காலின் தடித்த தோல் உரிந்து குழந்தைப் பாதம் போலாகும். கம்பிகளில் மாட்டிக்கொள்வதால் புறங்கால் காய்த்துப்போகும். அழுதால் கண்ணீர் வடியாமல் கண்ணிலேயே உருண்டையாக நிற்கும்.

பொம்பளைங்க போறாங்களா?

போகிறார்கள், தலைமையும் தாங்குகிறார்கள். 2007-ல் பெகி விட்சன் நிலையத்தின் முதல் பெண் தளபதியானார். 2019 ஒக்டோபரில் கிறிஸ்டினா கொக், ஜெசிக்கா மேயர் இருவர் மட்டும் வெளியே போய் மின்கருவி மாற்றினார்கள். சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் எட்டு நாள் பயணமாகப் போய், ஓடத்தில் கோளாறு கண்டதால் 286 நாள் தங்கித் திரும்பினார்.

நம்ம தோட்டத்துப் பிள்ளை போக முடியுமா?

பொய் சொல்ல விரும்பவில்லை. விண்வெளி நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் நாட்டுப் பிரசைகளையே தெரிவுசெய்கின்றன. இலங்கைக்கு அப்படியொரு திட்டம் இல்லை. ஆனால் இலங்கையர் கைவேலை அங்கே போயிருக்கிறது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த இராவணா-1, பக்கத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றரும் ஏறக்குறைய ஒரு கிலோ நிறையும் கொண்ட செய்மதி. 2019 ஏப்ரலில் நிலையத்துக்குப் போய், ஜூன் 17-ல் ஜப்பானிய ஆய்வுகூடத்திலிருந்து விடப்பட்டது. உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ எடுக்கும் பிள்ளைக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. கணித ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைகள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் என் கவலை. ரொக்கெட்டைவிட அது கிட்டத்தில் தீர்க்கக்கூடிய பிரச்சினை.

எப்ப, எங்க நின்று பார்க்கலாம்?

பள்ளத்து லயத்தில் இருட்டிய பிறகும் மலை உச்சியில் மஞ்சள் வெயில் நிற்குமே, அதே காரணம்தான். நமக்கு இருட்டி, 400 கிலோமீற்றர் உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும் நேரத்தில்தான் நிலையம் தெரியும்: பொழுதுசாய்ந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள், அல்லது விடியுமுன், பெரட்டுக்குக் கிளம்பும் வேளையில். பனிமூட்டம் குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு நல்ல காலம். மலை மறைக்காத இடமாக, மைதானமோ இஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலை) மேல் மேடோ பாருங்கள். நாசாவின் 'ஸ்பொட் த ஸ்டேஷன்' (Spot the Station) கைபேசிச் செயலியில் நம் ஊருக்கான நேரமும் திசையும் கிடைக்கும், தொலைநோக்கி தேவையில்லை.

மேற்குப் பக்கமிருந்து எழும்பும். சென்னைக்கு மேலே போகும்போதே நம் கண்ணுக்குத் தெரியும். சில மாலைகளில் நடுவானில் வந்ததும் மெல்லச் சிவந்து, அணைந்தது போல் மறைந்துவிடும். பிள்ளைகள் "ஐயோ" என்பார்கள். நிலையம் பூமியின் நிழலுக்குள் புகுந்திருக்கிறது. அவர்களுக்கு அப்போதுதான் பொழுதுசாய்ந்தது. நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும்போது அவர்களுக்கு மறுபடி விடிந்திருக்கும்.